காம்ப்டனும் உலுருவும்: சடலமில்லா இரு வழக்குகள்

1660 ஆகஸ்ட் 16 அன்று, இங்கிலாந்தின் சிப்பிங் காம்ப்டனிலிருந்து குத்தகைப் பணம் வசூலிக்கக் கிளம்பிய வில்லியம் ஹாரிசன் வீடு திரும்பவில்லை. ஒரு பிரபுக் குடும்பத்தின் காரியஸ்தர் அவர், வயது எழுபது. 1980 ஆகஸ்ட் 17 இரவு, ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையருகே ஒரு கூடாரத்திலிருந்து அசாரியா சேம்பர்லைன் என்ற ஒன்பது வாரக் குழந்தை மறைந்தாள். காம்ப்டன் வழக்கில் ஒரு தாயும் இரு மகன்களும் தூக்கிலேறினார்கள். உலுரு வழக்கில் குழந்தையின் தாய் லிண்டிக்கு ஆயுள் தண்டனை. இரண்டிலும் சடலம் கிடைக்கவில்லை. இரண்டிலும் கொலையே நடக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

காம்ப்டனில் நோக்கம் தயாராகவே இருந்தது: பணம். வழியில் வெட்டுப்பட்ட தொப்பியும் ரத்தக்கறை படிந்த கழுத்துப்பட்டியும் கிடைத்தன. எஜமானைத் தேடப்போன வேலைக்காரன் ஜான் பெர்ரி, தன் தாய் ஜோனும் அண்ணன் ரிச்சர்டும் பணத்துக்காக அவரைக் கொன்றதாகச் சொன்னான். முந்தைய ஆண்டு ஹாரிசன் வீட்டில் 140 பவுண்டு திருட்டுப் போயிருந்தது. அதையும் அவர்கள்மேல் சுமத்தினான். பொதுமன்னிப்புச் சட்டம் இருக்கிறது, ஒப்புக்கொண்டால் தப்பிக்கலாம் என்று சொல்லப்பட்டதை நம்பி மூவரும் திருட்டை ஒப்புக்கொண்டார்கள். மன்னிப்பும் கிடைத்தது. ஆனால் அதன்பிறகு ஊர் கண்ணுக்கு அவர்கள் திருடர்கள். திருடியவர்கள் கொல்லவும் துணிவார்கள் என்பதற்கு வேறு சாட்சி யாருக்கும் தேவைப்படவில்லை. சடலம் இல்லை என்று முதல் நீதிபதி கொலை வழக்கை ஏற்க மறுத்தார். 1661 வசந்தத்தில் வந்த அடுத்தவர் மறுக்கவில்லை.

உலுருவில் நிலைமை நேர்மாறு. பெற்ற பிள்ளையைக் கொல்ல லிண்டிக்கு எந்தக் காரணமும் தென்படவில்லை. 1982இல் டார்வினில் நடந்த விசாரணையில் அரசுத் தரப்பு எந்த நோக்கத்தையும் முன்வைக்கவில்லை. நோக்கத்தை நிரூபிக்கும் கடமை தங்களுக்கு இல்லை என்றார்கள். சட்டப்படி அது சரிதான். ஆனால் அந்த வெற்றிடத்தை ஜனங்கள் நிரப்பினார்கள். சேம்பர்லைன் குடும்பம் ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தது. நாட்டில் பலருக்குப் பழக்கமில்லாத சபை. குழந்தைக்கு நரபலியைக் குறிக்கும் பெயர் வைத்தார்கள் என்று வதந்தி கிளம்பியது. அது அப்பட்டமான பொய். குழந்தைக்குக் கறுப்பு உடை உடுத்தியதுகூடச் சாட்சியம்போலப் பேசப்பட்டது.

இரண்டு வழக்குகளிலும் பழியின் பெரும்பங்கு ஒரு பெண்மேல் விழுந்ததை என்னால் தற்செயல் என்று ஒதுக்க முடியவில்லை. ஜோன் பெர்ரியை முதலில் தூக்கிலிட்டார்கள். அவள் சூனியக்காரி, அவள் போனால் வசியம் விலகி மகன்கள் உண்மையைக் கக்குவார்கள் என்பது கணக்கு. மகன்கள் ஒன்றும் கக்கவில்லை. லிண்டியோ தொலைக்காட்சிக் கேமராவின் முன் அழவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் இப்படியா இருப்பாள் என்று நாடே கேட்டது. துக்கத்தை நாலு பேர் முன் காட்டாத தாய்மார்கள் எத்தனையோ பேர். அந்த ஒரு முகத்தை வைத்து ஒருத்தியைக் கொலைகாரி என்று முடிவுகட்டியது கொடுமை.

லிண்டி விஷயத்தில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். நேரடிச் சாட்சி இருக்கும் வழக்கில் நோக்கம் தெரியாவிட்டால் பரவாயில்லை. வழக்கு முழுவதும் சூழ்நிலைச் சான்றுகளில் நிற்கும்போது, நோக்கம் இல்லாதது குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்குச் சாதகமான சான்று. இங்கே முக்கியச் சான்றாக நின்றது காரில் கண்டதாகச் சொன்ன சிசுவின் ரத்தம். அது ரத்தமே இல்லை, தொழிற்சாலையில் காருக்கு அடித்த ஒலித்தடுப்புப் பூச்சு என்று பிறகு தெரியவந்தது. கூடாரத்தருகே டிங்கோ என்ற காட்டுநாயின் தடங்களைப் பழங்குடித் தடமறிவோர் அன்றிரவே பார்த்திருந்தார்கள். 1981இல் முதல் மரண விசாரணையும் டிங்கோதான் தூக்கிச் சென்றது என்றே முடிவு சொன்னது. 1986இல் குழந்தையின் மேற்சட்டை கிடைத்ததும் லிண்டி விடுதலையானார். 1988இல் தீர்ப்பு ரத்தானது. 2012இல்தான் டிங்கோவே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி இறுதியாக அறிவித்தார்.

ஹாரிசன் 1662இல் உயிரோடு ஊர் வந்து சேர்ந்தார். தன்னைக் கடத்திக் கப்பலேற்றித் துருக்கியில் அடிமையாக விற்றுவிட்டதாகச் சொன்னார். எழுபது வயதுக்காரரை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? கேட்டவர்களில் பலர் நம்பவில்லை. உடனே அடுத்த ஊகம்: அப்பாவின் வேலைக்கு ஆசைப்பட்டு மகனே கடத்தவைத்தானோ? மூன்று பேரை அநியாயமாகப் பலிகொண்ட பிறகும் ஊகிக்கும் வாய் ஓயவில்லை.

ஜான் பெர்ரி பெற்ற தாயின்மேல் ஏன் பொய்ப்பழி போட்டான் என்பது இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. தனக்குப் பித்துப் பிடித்திருந்தது என்று அவனே பின்னர் சொல்லிப் பார்த்தான். நான் கவனிப்பது வேறு. காவலில் இருந்த நாட்களில் அவன் கதையை மாற்றி மாற்றிச் சொன்னான், மற்றவை எடுபடவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே எஜமான் பணம் வசூலிக்கப் போகும் நேரத்தைச் சொல்லும்படி தாயும் அண்ணனும் நச்சரித்தார்கள் என்றபோதுதான் விசாரித்தவர்கள் நம்பினார்கள். அந்தக் கதையில்தான் நோக்கம் இருந்தது.