பஞ்சம் இட்ட இருப்புப்பாதை

தாது வருடப் பஞ்சத்தில் (1876–78) தருமபுரியை உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டம் பெருந்துயருற்றது. தானியம் விரைந்து வந்து சேர இருப்புப்பாதைகள் வேண்டுமென 1880இல் பஞ்சக் குழு பரிந்துரைத்தது. அவ்வாறு பிறந்ததே மொரப்பூர்–தருமபுரி ரயில். இரண்டரை அடி அகலக் குறுகிய பாதை அது; 1906இல் ஓடத் தொடங்கி, 1913இல் ஓசூரை எட்டியது. அதன் உடன்பிறப்பான திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிப் பாதை 1936இல் நின்றது. உலகப்போரின் நடுவே, 1941இல், மொரப்பூர்ப் பாதையும் மூடப்பட்டது.

பஞ்சத்துக்கென இட்ட பாதை, பஞ்சமில்லா ஆண்டுகளில் நஷ்டக் கணக்காகவே தெரியும். ஆனால் அதன் பயன் வரவுப் பதிவேட்டில் ஏறுவதில்லை. பட்டினியின்றிப் பிழைத்தவர்களை எந்தக் கணக்கர் எண்ணினார்?

மொரப்பூர்–தருமபுரிப் புதிய பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒருகாலத்தில் நம்மிடம் இருந்ததையே மீண்டும் கேட்டுப் பெற நமக்கு 78 ஆண்டுகள் ஆயின. அதுவும் அடிக்கல் வரைதான்.