மாலிப்டினைட்: அடுக்குச் சல்பைடின் மின்னூட்டமும் அமைப்பும்

மாலிப்டினைட் ஈயச் சாம்பல் நிறமுள்ள மென்மையான கனிமம். வேதியியலில் மாலிப்டினம் டைசல்பைடு. தமிழ்நாட்டில் அரூர்–ஊத்தங்கரை வட்டாரத்தின் குவார்ட்ஸ் நரம்புகளிலும் திண்டுக்கல் மாவட்டம் கரடிக்கூட்டத்திலும் கிடைக்கிறது.

இதன் படிக அமைப்பை டிக்கின்சனும் லைனஸ் பாலிங்கும் 1923இல் எக்ஸ் கதிர்களால் கண்டறிந்தனர். இரண்டு கந்தகத் தளங்களுக்கு நடுவே ஒரு மாலிப்டினத் தளம். இம்மூன்றும் சேர்ந்தது ஓர் அடுக்கு. அடுக்குகள் சுமார் 0.62 நானோமீட்டர் இடைவெளியில் அமைகின்றன. அடுக்குக்குள் பிணைப்பு வலுவானது. அடுக்குகளுக்கு இடையிலோ மெலிந்த வாண்டர் வால்ஸ் விசை மட்டுமே. சீட்டுக்கட்டு போல அவை வழுக்குவதால்தான் இது நல்ல உராய்வு நீக்கி.

ஒவ்வொரு மாலிப்டின அணுவையும் ஆறு கந்தக அணுக்கள் முக்கோணப் பட்டக வடிவில் சூழ்கின்றன. இந்த வடிவத்தைப் புரிந்துகொள்ள எலெக்ட்ரான்களை எண்ண வேண்டும். கணக்கில் மாலிப்டினத்தின் மின்னூட்டம் +4, கந்தகத்துக்கு –2. பிணைப்பில் எலெக்ட்ரான் பகிர்வு மிகுதி என்பதால் உண்மை மின்னூட்டம் இதைவிடக் குறைவு. ஆனாலும் கணக்கு உதவுகிறது. +4 நிலையில் மாலிப்டினத்தின் டி ஆர்பிட்டால்களில் இரண்டு எலெக்ட்ரான்கள் எஞ்சும். பட்டக வடிவில் ஓர் ஆர்பிட்டால் மட்டும் ஆற்றலில் தாழ்ந்து நிற்க, இரண்டும் அதில் இணையாகி அதை நிரப்புகின்றன. அதற்கு மேலுள்ள ஆர்பிட்டால்களுக்கு ஆற்றல் இடைவெளி இருப்பதால் இது குறைக்கடத்தி. இதேபோல் அடுக்குகள் கொண்ட டைட்டானியம் டைசல்பைடில் டி எலெக்ட்ரான் எஞ்சுவதில்லை. அங்கே எண்முகி வடிவம்.

மாலிப்டினைட் அடுக்குகளின் இடையே லித்தியம் புகுந்தால் அது தன் எலெக்ட்ரானை அடுக்குக்குத் தருகிறது. மூன்றாம் எலெக்ட்ரானுக்குப் பட்டகத்தில் தாழ்ந்த இடமில்லை. ஒரு கந்தகத் தளம் நகர்ந்து வடிவம் எண்முகியாகிறது. குறைக்கடத்தி உலோகம்போல் கடத்தத் தொடங்குகிறது. லித்தியத்தை நீக்கினாலும் இவ்வடிவம் சிலகாலம் நீடிக்கும். சூடாக்கினால் பழைய பட்டகம் திரும்பும். மின்னூட்டம் அமைப்பையே மாற்றுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. 1970களில் ஸ்டான்லி விட்டிங்காம் லித்தியம் மின்கலத்துக்கு டைட்டானியம் டைசல்பைடைத் தேர்ந்தார். அதில் லித்தியம் வந்துபோனாலும் எண்முகி வடிவம் குலைவதில்லை.

மாலிப்டினைட்டை ஒற்றை அடுக்காகப் பிரித்தால் ஆற்றல் இடைவெளி சுமார் 1.2 எலெக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 1.8 ஆக உயர்ந்து, பொருள் ஒளிரத் தொடங்கும். இது 2010இல் உறுதியானது. அதே ஆண்டில் பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் சி. என். ஆர். ராவ் குழுவினர் இத்தகைய மெல்லடுக்குகளை வேதிமுறையில் உருவாக்கினர்.

தர்மபுரி மாவட்டத்தின் வேலாம்பட்டி மாலிப்டினத் தாதுத் தொகுதிகளை ஒன்றிய அரசு 2023 நவம்பரில் ஏலத்துக்கு அறிவித்தது. எஃகுக் கலவைக்கான உலோகம் என்பதே இத்தாதுவின் வழக்கமான மதிப்பு, அது போதாது. இயற்கை மாலிப்டினைட்டில் மாலிப்டினத்தின் இடத்தில் சிறிதளவு ரீனியம் அமர்ந்திருக்கும். ரீனியத்துக்கு ஓர் எலெக்ட்ரான் கூடுதல். அதன் சுவடளவே கடத்துதிறனை மாற்றும். மின்னணுப் பயனுக்கு இத்தாதுவை மதிப்பிடுவோர் ரீனியத்தையும் அளந்தாக வேண்டும்.