தொகுதி இருந்தது, வாக்கு இல்லை

இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல, 1,891 மீற்றர். மலைக்கு ரயில் ஏறியதற்குக் கோப்பியும் தேயிலையும் காரணம். அவற்றைப் பயிரிட்டவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். 1947 தேர்தலில் அவர்கள் வாக்களித்தார்கள். நுவரெலியா சௌமியமூர்த்தி தொண்டமானையும் தலவாக்கலை சி.வி. வேலுப்பிள்ளையையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பின. வேறு சில தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தன. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 95 ஆசனங்களில் 42 மட்டுமே.

அந்தக் கட்சியின் தலைவர் டி.எஸ். சேனாநாயக்கவின் அரசு கணக்குப் பார்த்தது. 1948-இல் பிரஜாவுரிமைச் சட்டம், 1949-இல் இந்தியர், பாகிஸ்தானியருக்கான தனிச்சட்டம், அதே ஆண்டில் பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்ற தேர்தல் திருத்தம்.

"இவர்கள் மனசு இந்தியாவில்" என்பதே அன்றைய குற்றச்சாட்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் யூதர்கள்மீது காலங்காலமாகச் சுமத்தப்படும் இரட்டை விசுவாசப் பழியும் இதே ரகம்தான். பழி சுமத்தியவர் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. நிரூபிக்கும் பாரமெல்லாம் தொழிலாளியின் தலையில். பிரஜாவுரிமை பெற, மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் தொடர்ந்து இலங்கையில் வசித்ததைக் காட்ட வேண்டியிருந்தது. தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்தவருக்குப் பிறப்புப் பத்திரம் ஏது? இடையில் ஊருக்குப் போய் வந்திருந்தால் அதுவே வினையாகும். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்ததில் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு.

எதிர்ப்பு முகாமும் உடைந்தது. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அதே அரசில் அமைச்சரானார், அவரது கட்சியிலிருந்து செல்வநாயகம் பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

1952 தேர்தலில் தொண்டமானின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸிலிருந்து ஒருவர்கூடப் பாராளுமன்றம் போகவில்லை. தோட்ட மக்களையும் சேர்த்து எண்ணி 1946-இல் பிரித்த தொகுதிகள் மட்டும் அப்படியே இருந்தன. ஆளைக் கணக்கில் வைத்துக்கொண்டு வாக்கைக் கழித்துவிட்டதால், மலையகத்தில் எஞ்சிய வாக்காளரின் ஒவ்வொரு வாக்குக்கும் கனம் கூடிற்று.

1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974 ஒப்பந்தம் இரண்டாகப் பிரித்தது. கப்பலேறத் தலைமன்னாருக்குப் போனவர்களை ஏற்றிய ரயிலுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. உடன்பிறந்தவர்களில் ஒருவர் பெட்டிக்குள்ளே, மற்றவர் மேடையில் நிற்பார்.

1977-இல் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியின் மூன்று உறுப்பினர்களில் ஒருவராகத் தொண்டமான் மீண்டும் வென்றார். மறு ஆண்டு, தம் மக்களின் வாக்கைப் பறித்த அதே ஐக்கிய தேசியக் கட்சியின் அரசில் அமைச்சரானார். நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்கான சட்டம் 2003-இல்தான் நிறைவேறியது.