வைக்கிங் மேடையில் ஒரு முரசு

கச்சேரி முடிந்து வெளியே வருகிறவர்கள் என்ன பேசுவார்கள்? எந்தப் பாட்டைப் பாடினார்கள், எதை விட்டுவிட்டார்கள், பின்வரிசைக்குச் சரியாகக் கேட்டதா, டிக்கெட்டுக்கு இவ்வளவு விலை நியாயமா. நார்வே நாட்டு இசைக்குழுவான வார்ட்ரூனாவின் ரசிகர்களும் இதையெல்லாம் பேசத்தான் செய்கிறார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் பேச்சு வேறு இடத்துக்குப் போய்விடும். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வைக்கிங்குகள் இப்படித்தான் பாடினாங்களா?"

ஒருவர் உடம்பு சிலிர்த்தது, முன்னோர்களின் குரலைக் கேட்டேன் என்பார். இன்னொருவர், சும்மா இருங்க, இது 2003-இல் ஆரம்பிச்ச குழு என்பார். அதோடு சண்டை தொடங்கிவிடும்.

இந்தச் சண்டையைப் பல மாதங்களாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, சரி, யார் சொல்வதுதான் உண்மை என்று பார்த்துவிடலாமே என்று தேடத் தொடங்கினேன். தேடினால், இரண்டு தரப்பும் பேசாத மூன்றாவது கதை ஒன்று நடுவில் கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் குழுவைப் பற்றி. 2003-இல் எய்னார் செல்விக், கோல், லிண்டி-ஃபே ஹெல்லா ஆகியோர் சேர்ந்து தொடங்கியது வார்ட்ரூனா. செல்விக்கும் கோலும் அதற்கு முன் கோர்கொரோத் என்ற பிளாக் மெட்டல் குழுவில் இருந்தவர்கள். செல்விக் அங்கே டிரம்ஸ் வாசித்தார், கோல் பாடினார். காது கிழியும் இசையிலிருந்து வந்தவர்கள் குதிரைமயிர் நரம்பையும் எலும்புக் குழலையும் தேடிப் போனது பலருக்கு ஆச்சரியம். வைக்கிங்குகளுக்கு முந்தைய ரூன் எழுத்துவரிசையில் மொத்தம் 24 எழுத்துகள். எழுத்துக்கு ஒரு பாட்டு என்று 2009, 2013, 2016 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுப்புகளாக அவற்றைப் பாடி முடித்தார்கள். நீரோடு தொடர்புடைய எழுத்துக்கான பாட்டை ஆற்றில் இறங்கி நின்று பாடியதாகச் செல்விக் சொல்லியிருக்கிறார். கோல் 2015-இல் விலகிவிட்டார்.

இவர்களுடைய முதல் மேடை எது தெரியுமா? 2009-இல் ஆஸ்லோவின் வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம். 1880-இல் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த, ஏறத்தாழ 1,100 ஆண்டு பழமையான கோக்ஸ்தாத் கப்பலுக்கு முன்னால் நின்று பாடினார்கள். அந்தக் கப்பலைப் பார்த்துக்கொண்டே பாட்டைக் கேட்டவருக்குப் பாட்டுக்கும் 1,100 வயது என்று தோன்றியிருந்தால் அது அவர் குற்றமில்லை. பிறகு 'வைக்கிங்ஸ்' தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதன் இசையில் செல்விக் பங்கெடுத்தார். 2020-இல் 'அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லா' விளையாட்டிலும் அவர் குரல் ஒலித்தது. கூட்டம் பெருகியது. கூடவே அந்தக் கேள்வியும் பெருகியது.

சரி, கேள்விக்கு வருவோம். வைக்கிங் இசை எப்படி இருந்தது?

நேர்மையான பதில்: ஒரு மெட்டுகூட நம்மிடம் இல்லை. வைக்கிங் காலம் என்று பொதுவாகச் சொல்வது கி.பி. 800-இலிருந்து 1050 வரையான காலத்தை. அந்தக் காலத்து இசைக்குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. ஸ்காண்டிநேவியாவில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய மதம் சாராத மெட்டு, 1300-ஐ ஒட்டி ரூன் எழுத்தில் எழுதப்பட்ட ஒரு சட்டச் சுவடியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டே வரி. அதற்குள் வைக்கிங் காலம் முடிந்து இரண்டரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

கேட்டவர் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்றால், ஒருவர் இருக்கிறார். அரேபியர் ஆட்சியிலிருந்த ஸ்பெயினிலிருந்து 10-ஆம் நூற்றாண்டில் வந்த அல்-தர்தூஷி என்ற பயணி, ஹெடெபி என்ற டேனிஷ் வணிக நகரத்தில் பாட்டுக் கேட்டார். இதைவிட மோசமான பாட்டைக் கேட்டதே இல்லை, நாய் குரைப்பதைவிடக் கேவலம் என்பதுபோல எழுதிவிட்டுப் போனார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கச்சேரி விமர்சனம்! ரசிகர்கள் இதை ரொம்பச் சந்தோஷமாகத் திரும்பத் திரும்பச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

மெட்டுதான் இல்லை, வாத்தியமாவது? மேடையில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செல்விக் மடியில் வைத்து மீட்டும் லைர், சின்ன யாழ் மாதிரி இருக்கும். நார்வேயில் க்ராவிக் என்ற பண்ணையில் கிடைத்த பழைய வாத்தியம் ஒன்றைப் பார்த்துச் செய்தது. அது வைக்கிங் காலத்துக்குப் பிந்தியது. ஆனாலும் லைர் என்ற வாத்திய வகை வைக்கிங்குகளிடம் இருந்தது, தொல்லியல் சான்று உண்டு. இது தேறும்.

மேடையில் ஆளுயரத்துக்கு வளைந்து நிற்கும் வெண்கல ஊதுகொம்புக்கு லூர் என்று பெயர். 1797-இல் டென்மார்க்கின் சதுப்பு நிலம் ஒன்றில் ஒரே இடத்தில் ஆறு லூர்கள் கிடைத்தன. இவை வெண்கலக் காலத்தவை. வைக்கிங்குகளுக்கு 1,500 ஆண்டுகளுக்கு மேல் முந்தியவை. வைக்கிங்குகளுக்கே இது பழங்காலம்தான்.

வில்லால் தேய்த்து வாசிக்கும், கரகரவென்று அழுவதுபோல ஒலிக்கும் டாகெல்ஹார்ப்பாதான் ரசிகர்களுக்கு ரொம்பப் பிடித்தது. டாகெல் என்றால் ஸ்வீடிஷ் மொழியில் குதிரைமயிர். வில்லால் தேய்த்து வாசிக்கும் வழக்கம் ஐரோப்பாவுக்கு வந்ததே 11-ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான். நார்வேயின் நிடாரோஸ் பேராலயத்தில் இப்படியொரு வாத்தியத்தை வாசிப்பவரின் சிற்பம் இருக்கிறது. அது 14-ஆம் நூற்றாண்டு. இந்த வாத்தியம் பிழைத்திருந்தது நார்வேயிலும் இல்லை. எஸ்டோனியாவின் கடலோரத் தீவுகளில் வாழ்ந்த ஸ்வீடிஷ் மொழிக் குடியானவர்களிடமும், பின்லாந்தின் கிழக்குப் பகுதியிலும்தான். ஆட்டோ ஆண்டர்சன் என்ற பின்லாந்து ஆய்வாளர் அவர்களைத் தேடிப் போய் ஆராய்ந்து 1923-இல் ஒரு நூலே எழுதினார்.

கடைசியாக முரசு. கச்சேரிக்குப் போய்வந்த எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். காதில் கேட்கவில்லை, நெஞ்சில் விழுந்தது என்பார்கள். பெரிய வட்டச் சட்டத்தில் ஒருபக்கம் மட்டும் தோல் கட்டிய, கிட்டத்தட்ட நம் பறை மாதிரியான வாத்தியம். வைக்கிங் திரைப்படம், விளையாட்டு, திருவிழா எதுவானாலும் இந்த முரசு இல்லாமல் இருக்காது.

ஆனால் ஸ்காண்டிநேவியாவின் வைக்கிங் கால அகழாய்வுகளில் இதுவரை ஒரு முரசும் கிடைக்கவில்லை. மட்கிப் போயிருக்கலாம், இருக்கட்டும். ஆனால் இந்த வகை வட்ட முரசை அந்த நிலத்தில் நிச்சயமாக வைத்திருந்த மக்கள் வேறு ஒருவர். சாமி மக்கள்.

நம்ம ஊர் சாமி இல்லை. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து நாடுகளின் வடக்கிலும் ரஷ்யாவின் ஓர் ஓரத்திலும் வாழும் பழங்குடி மக்களின் பெயர் அது. கலைமான் மேய்ப்பதும் மீன் பிடிப்பதும் அவர்கள் தொழில். அவர்களுடைய பூசாரி முரசை அடித்துத்தான் குறி சொல்வார், நோய் தீர்ப்பார். முரசின் தோலில் சூரியன், கலைமான், தெய்வங்கள், வீடு என்று உருவங்கள் வரைந்திருக்கும்.

17-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்-நார்வே அரசும் ஸ்வீடன் அரசும் திருச்சபையும் இந்த முரசைப் பேயின் கருவி என்று முடிவு செய்தன. 1692-இல் ஆண்டர்ஸ் பவுல்சன் என்ற சாமி முதியவரைப் பிடித்து, நார்வேயின் வடகோடியில் வாட்சோ என்ற ஊரில் விசாரித்தார்கள். அவர் நீதிமன்றத்திலேயே முரசை அடித்துக் காட்டி, ஒவ்வொரு உருவத்துக்கும் பொருள் சொன்னார். தீர்ப்புக்காக மேலிடத்துக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்கும்போதே, காவலில் இருந்த அவரை மனநிலை பிறழ்ந்த ஒருவன் கோடரியால் வெட்டிக் கொன்றுவிட்டான். முரசு கோபன்ஹேகனுக்குப் போனது. அடுத்த ஆண்டு, 1693-இல், ஸ்வீடனின் அர்யெப்லூக் என்ற இடத்தில் லார்ஸ் நில்சன் என்ற சாமி மனிதரை அவருடைய முரசோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். பிறகு வந்த மறைப்பணியாளர் தாமஸ் வான் வெஸ்டன் முரசுகளைக் கூட்டம் கூட்டமாகப் பறிமுதல் செய்து கோபன்ஹேகனுக்கு அனுப்பினார். அவற்றில் பெரும்பகுதி 1728-இல் அந்த நகரம் தீப்பிடித்தபோது அழிந்தது. இன்று உலகம் முழுக்க மிஞ்சியிருக்கும் பழைய சாமி முரசுகள் சுமார் 70.

பவுல்சனின் முரசு தப்பியது. 1979-இல் நார்வேயின் கராஷோக் ஊரிலுள்ள சாமி அருங்காட்சியகத்துக்கு அது 'கடனாக' வந்தது. கவனியுங்கள், கடனாக. அது சாமி மக்களுக்கே சொந்தம் என்று டென்மார்க் எழுதிக் கொடுத்தது 2022-இல். பறித்து 330 ஆண்டு கழித்து.

இதை வைத்துப் பார்த்தால் நம் ரசிகர் சண்டை வேறு மாதிரி தெரிகிறது. "அந்த முரசில் என் முன்னோர் குரலைக் கேட்டேன்" என்று ஒரு நார்வேக்காரரோ ஸ்வீடன்காரரோ சொன்னால், எந்த முன்னோர் என்று கேட்க வேண்டியிருக்கிறது. முரசை அடித்தவரா, எரித்தவரா?

இதற்கு வார்ட்ரூனாவைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. தோல் முரசு உலகப் பொதுச் சொத்து, யாரும் அடிக்கலாம். செல்விக்கும் தான் வைக்கிங் இசையை அப்படியே மீட்டெடுப்பதாக எங்கும் சொல்லவில்லை. பழைய வேரிலிருந்து புதிதாக ஒன்றை வளர்க்கிறோம் என்றுதான் சொல்லி வருகிறார். இது அசல் வைக்கிங் இசை என்று சொல்வது பெரும்பாலும் ரசிகர்கள்தான், விளம்பரக்காரர்கள்தான்.

நார்வேயின் சொந்த நாட்டுப்புற இசைக்கும் அடி விழுந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் பக்தி இயக்கங்கள் பரவியபோது, நடனத்துக்கும் குடிக்கும் இழுத்துப் போகிறது என்று ஹார்டாங்கர் பிடிலைப் பேயின் வாத்தியம் என்றார்கள். பலர் தங்கள் பிடிலைத் தாங்களே உடைத்தார்கள், எரித்தார்கள். அதே நூற்றாண்டில், 1849 ஜனவரியில், பிரபல வயலின் கலைஞர் ஊலெ புல், 'மில் பையன்' என்று அழைக்கப்பட்ட டெலிமார்க் கிராமத்துப் பிடில்காரர் ஒருவரை இன்றைய ஆஸ்லோவில் மேடையேற்றினார். கல்யாண வீட்டில் ஆடிக்கொண்டே கேட்ட இசையை, நகரத்து மனிதர்கள் டிக்கெட் வாங்கி, உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். இன்றைய வார்ட்ரூனா கச்சேரியில் "இதை நின்று கேட்க வேண்டுமா, உட்கார்ந்து கேட்க வேண்டுமா" என்று ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்களே, அந்த வாக்குவாதத்தின் விதை அங்கே இருக்கிறது.

இன்னொரு சண்டையும் உண்டு. ரூன் எழுத்தை ஹிட்லரின் எஸ்எஸ் படை தன் சின்னமாக்கியது. இன்றும் வெள்ளை இனவாதிகள் அதைப் பச்சை குத்திக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவர் கூட்டத்தில் பக்கத்தில் நின்றால் என்ன செய்வது என்று ரசிகர்கள் கவலையோடு பேசுகிறார்கள். அவர்கள் திருடிக்கொண்டு போனதைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் தன் வேலை என்று செல்விக் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். "இது அசல், கலப்பில்லாதது, எங்களுடையது மட்டும்" என்ற நம்பிக்கைதான் இனவாதிகளுக்குத் தீனி. யாழ் ஓர் இடம், கொம்பு வேறு காலம், வில் ஆசியாவிலிருந்து வந்தது, முரசுக்கு உரிமை கோர வேறு மக்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு கேட்பவரிடம் அந்தப் பேச்சு எடுபடாது. வாத்தியங்களின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது பொழுதுபோக்கு மட்டும் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

அப்படின்னா அந்தக் கண்ணீர் பொய்யா?

இல்லை. வார்ட்ரூனா கச்சேரியைப் பற்றி யார் பேசினாலும் கடைசியில் 'ஹெல்வெகன்' பாட்டுக்கு வந்து நிற்பார்கள். பெயருக்கு ஹெல் என்ற இறந்தோர் உலகத்துக்குப் போகும் வழி என்று பொருள். இரண்டு மணி நேரம் பெரும்பாலும் பேசாமலே இருக்கும் செல்விக், இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசுவார். முன்பு எல்லா வேலைக்கும் பாட்டு இருந்தது, சாகிறவரைப் பாடி வழியனுப்பவும் இருந்தது, இன்று நம்மிடம் அப்படி ஒன்று இல்லை என்பதுதான் அதன் சாரம். அரங்கம் அமைதியாகிவிடும். அப்பாவை நினைத்தேன், தங்கையை நினைத்தேன் என்று ரசிகர்கள் சொல்வார்கள். தங்கள் வீட்டு இறுதிச் சடங்கில் இதை ஒலிக்கவிட்டவர்களும் உண்டு.

அந்தப் பாட்டு வெளிவந்தது 2013-இல். எந்த வைக்கிங்கும் அதைக் கேட்டதில்லை. ஆனால் சாவுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்ற தேவை 2013-இல் பிறந்ததில்லை. பழையது அந்தத் தேவைதான். அது நிஜம் என்பதால் கண்ணீரும் நிஜம்.

அதனால், அடுத்த முறை யாராவது "இது அசலா?" என்று கேட்டால் என் பதில் இது: பாட்டு புதுசு, ஏக்கம் பழசு. அந்த முரசு ஒலிக்கும்போது மட்டும் வாட்சோ நீதிமன்றத்தில் முரசை அடித்துக் காட்டிய அந்தக் கிழவரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.