முன்பாரம், பின்பாரம்: ரேஸ் காரை இழுத்துப் போன டிரெய்லரின் கதை

மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு சொற்களும் தெரிந்திருக்கும். பாரம் முன்னால் கூடினால் மாட்டின் கழுத்து நசுங்கும். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அதனால் கடைசி மூட்டையை எங்கே வைப்பது என்று வண்டிக்காரர் ஒரு கணம் யோசிப்பார். முன்பாரம் கொஞ்சம் இருக்கணும், ரொம்ப இருக்கக் கூடாது. அவ்வளவுதான் சூத்திரம்.

இந்தச் சூத்திரம் எனக்கு ஞாபகம் வந்தது இங்கிலாந்தில், ஒரு மோட்டார்வேயில். ப்ராஜெக்ட் வேலையாக அங்கே இருந்தபோது, கூட வேலை பார்த்த நண்பர் ஒரு சனிக்கிழமை என்னை ரேஸ் டிராக்குக்கு அழைத்துப் போனார். அவரிடம் இருந்தது ஒரு கேட்டர்ஹாம், சின்ன ஸ்போர்ட்ஸ் கார். அதை லேசான டிரெய்லர் ஒன்றில் ஏற்றி, வீட்டுக் காரின் பின்னால் மாட்டியிருந்தார். கூடுதல் சக்கரங்கள் நாலும் கருவிப் பெட்டியும் டிரெய்லரின் வால் பக்கத்தில் கட்டப்பட்டிருந்தன. ஒரு இறக்கத்தில், மணிக்கு 60 மைலை நெருங்கும்போது, பெரிய லாரி ஒன்று எங்களைக் கடந்தது. டிரெய்லர் வாலை ஆட்டியது. அடுத்த ஆட்டம் முந்தியதைவிடப் பெரிசு. அதற்கடுத்தது இன்னும் பெரிசு. எங்கள் காரின் பின்பக்கமே இடமும் வலமுமாகப் போனது.

நண்பர் பிரேக்கை மிதிக்கவில்லை, ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்தார். ஏழெட்டு விநாடியில் ஆட்டம் அடங்கியது. இரண்டு பேரும் அடுத்த சர்வீஸ் நிறுத்தம் வரை பேசிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து இந்த டிரெய்லர் விஷயத்தைத் தோண்டிப் படிக்க ஆரம்பித்தேன். அதன் சுருக்கம்தான் இது.

முதல் கேள்வி: ரேஸ் காரை ஏன் இழுத்துக்கொண்டு போகணும்? ஓட்டிக்கொண்டே போகலாமே? ஒரு காலத்தில் அப்படித்தான் போனார்கள். 1951-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு ஜாகுவார் நிறுவனம் தன் புது சி-டைப் கார்களைச் சாலை வழியாகவே ஓட்டிப் போனது. அவற்றில் ஒன்றில் பீட்டர் வாக்கரும் பீட்டர் ஒயிட்ஹெட்டும் ஜெயித்தார்கள். விளக்கு, நம்பர் பிளேட், உதிரி டயர் எல்லாம் உள்ள கார் அது. பந்தயக் காருக்கும் சாலைக் காருக்கும் நடுவே பெரிய சுவர் எழும்பாத காலம்.

அந்தச் சுவர் எழும்ப எழும்ப, பணம் இருந்தவர்கள் தனி வண்டி கட்டினார்கள். மெர்சிடிஸ்-பென்ஸ் 1955-ல் ஓடவிட்ட நீல நிற டிரான்ஸ்போர்ட்டர் ரொம்பப் பிரபலம். 300 எஸ் காரின் சட்டத்தை நீட்டி, 300 எஸ்எல் ஸ்போர்ட்ஸ் காரின் 3 லிட்டர் எஞ்சினைப் பொருத்தி, ஒரே ஒரு ரேஸ் காரை முதுகில் சுமக்க அதை உருவாக்கினார்கள். மணிக்கு 170 கிலோமீட்டர் வேகம் போகும். பழுதான காரைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து, சரிசெய்து, அடுத்த பந்தயத்துக்குள் திருப்பிக் கொண்டுபோகத்தான் அந்த அவசரம். அந்த வருஷக் கடைசியிலேயே மெர்சிடிஸ் பந்தயத்திலிருந்து விலகியது. 1967-ல் அந்த வண்டியைக் காயலான் கடைச் சரக்காக உடைத்தே விட்டார்கள். இன்று நாம் பார்ப்பது 2001-ல் முடிக்கப்பட்ட மறு உருவாக்கம். இதற்கு நேர் எதிரான கதி எடின்பரோவைச் சேர்ந்த எக்யூரி எக்கோஸ் அணியின் வண்டிக்கு. மூன்று கார்களைச் சுமந்த அந்த நீல டிரான்ஸ்போர்ட்டர் 2013-ல் ஏலத்தில் சுமார் 18 லட்சம் பவுண்டுக்குப் போனது.

இதெல்லாம் பெரிய இடத்துக் கதை. டிரெய்லரின் கதை சின்ன மனிதர்களுடையது.

ஆஸ்டின் செவன் என்று ஒரு மலிவுக் கார், 1922-ல் வந்தது. 747 சிசி எஞ்சின். பழைய ஆஸ்டின் செவன்களைப் பிரித்து, வீட்டுக் கொட்டகையில் ரேஸ் கார் கட்டியவர்களின் சங்கமாக வளர்ந்தது 1939-ல் தொடங்கிய 750 மோட்டார் கிளப். காலின் சாப்மன் அந்த வட்டாரத்திலிருந்து வந்தவர்தான். அவருடைய முதல் காரே ஆஸ்டின் செவனைப் பிரித்துக் கட்டியது. அவர் ஆரம்பித்த லோட்டஸ் 1957-ல் லோட்டஸ் செவனைக் கொண்டுவந்தது. எடை சுமார் அரை டன். வரியை மிச்சப்படுத்த உதிரி பாகங்களாக வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். வார நாளில் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை பந்தயம். 1973-ல் அந்தக் காரின் உரிமை கேட்டர்ஹாமுக்குப் போனது. என் நண்பரின் கார் அந்த வம்சம்.

இந்த ஞாயிற்றுக்கிழமைப் பந்தயக்காரருக்கு ஒரே ஒரு கவலை: கார் உடைந்தால் வீட்டுக்கு எப்படிப் போவது? திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கே! பந்தயத்தில் கியர்பாக்ஸ் போகலாம், சுவரில் மோதலாம். போகப் போக, வரி இல்லாத வழுக்கு டயர், சைலன்சர் விதிக்கு அடங்காத சத்தம் என்று கார் சாலைக்கே ஆகாததாகவும் மாறியது. ஆக, டிரெய்லர் என்பது ஜெயிப்பதற்கான ஏற்பாடு இல்லை. தோற்றாலும் வீடு திரும்புவதற்கான ஏற்பாடு.

அவர்களிடம் இருந்தது சாதாரண வீட்டுக் கார். அது இழுக்கக்கூடிய எடைக்கு எல்லை உண்டு. அதனால்தான் டிரெய்லர் லேசாக இருக்கணும் என்ற தேடல். இங்கே சட்டமும் ஒரு கோடு போட்டது. பிரிட்டனில் டிரெய்லரும் சரக்கும் சேர்ந்து 750 கிலோவைத் தாண்டக் கூடிய வகை என்றால் அதற்குத் தனி பிரேக் வேண்டும். அதற்குள் என்றால் பிரேக் இல்லாமலே இழுக்கலாம். ஆனால் அந்த எடை, இழுக்கும் காரின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. செவன் மாதிரி காரும் 200 கிலோவுக்குள் ஒரு டிரெய்லரும் இந்தக் கோட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு டன் எடையுள்ள மாஸ்டா எம்எக்ஸ்-5 அடங்காது.

பிரேக் உள்ள டிரெய்லரின் தத்துவம் எளிது. முன்னால் போகும் கார் வேகம் குறைந்தால் டிரெய்லர் அதை முட்டும். அந்த முட்டலே ஒரு தண்டை உள்ளே தள்ளி டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். சிக்கல் என்னவென்றால், ரிவர்ஸ் எடுத்தாலும் அதே தண்டு உள்ளே போகும், பிரேக் பிடிக்கும்! பழைய டிரெய்லர்களில் இறங்கிப் போய் ஒரு பூட்டைப் போட்டுவிட்டு வரணும். 1989 ஏப்ரலுக்குப் பிறகு செய்யப்படும் பிரேக் டிரெய்லர்களில் ரிவர்ஸில் தானாகவே பிரேக் விடும் அமைப்பு கட்டாயமாச்சு. பழைய டிரெய்லர் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். லேசான டிரெய்லர் என்றால் பாதுகாப்பானது என்றுதான் நானும் நினைத்தேன். பாத் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் டார்லிங்கும் சகாக்களும் செய்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளிவந்தது. எடையையும் எடை இருக்கும் இடத்தையும் மாற்றி மாற்றி வைக்கக்கூடிய ஒரு டிரெய்லரைக் கட்டி, நிஜமாகவே இழுத்துப் பார்த்தார்கள். மொத்த எடை மட்டும் கூடியதால் நிலைத்தன்மை பெரிதாக மாறவில்லை. எடை எங்கே பரவியிருக்கிறது, மூக்கில் எவ்வளவு அழுத்துகிறது, அச்சு எங்கே இருக்கிறது என்ற மூன்றும்தான் பெரிய வித்தியாசம் காட்டின.

காவடி தூக்கியவர்களுக்கு இது புரியும். இரண்டு குடத்தையும் கம்பின் இரண்டு முனையில் மாட்டினால் திரும்புவது கஷ்டம், திரும்ப ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவது அதைவிடக் கஷ்டம். குடங்களைத் தோளுக்குப் பக்கத்தில் நகர்த்தினால் எடை அதேதான், ஆனால் கட்டுக்குள் இருக்கும். டிரெய்லரில் தோள் என்பது அச்சு. கனமானதெல்லாம் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கணும், மொத்தத்தில் கொஞ்சம் முன்பாரமாக இருக்கணும். டிரெய்லர் எடையில் 5 முதல் 7 சதவீதம் மூக்கில் அழுத்தட்டும் என்பது பிரிட்டனில் சொல்லும் கணக்கு. 700 கிலோவுக்கு 35 முதல் 49 கிலோ. இழுக்கும் காருக்கும் கொக்கிக்கும் உள்ள எல்லையை அது தாண்டக் கூடாது. அளக்க, குளியலறை எடை மெஷின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, டிரெய்லரைச் சமமாக வைத்து, மூக்கை அதன் மேல் இறக்கினால் போதும். எஞ்சின் பின்னால் உள்ள போர்ஷே 911 மாதிரி கார் என்றால் இந்தக் கணக்கு மாறும். இன்னும் முன்னால் தள்ளி நிறுத்தணும், அல்லது திருப்பி ஏற்றணும்.

பராமரிப்பில் ஒரு வேடிக்கை உண்டு. கார் ஓடி ஓடித் தேயும், டிரெய்லர் நின்று நின்று கெடும். டயரில் பட்டன் நன்றாகத் தெரியும், ஆனால் வெயிலில் பக்கவாட்டு ரப்பர் வெடித்திருக்கும். அதனால் தேய்மானத்தை மட்டும் பார்க்காமல், டயர் பக்கவாட்டில் பொறித்த தயாரிப்பு வாரத்தையும் வருஷத்தையும் பார்க்கணும். ஹேண்ட்பிரேக் போட்டபடி மாசக்கணக்கில் நிறுத்தினால் பிரேக் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து பிரேக்கை விட்டு வைப்பது நல்லது. கொஞ்ச தூரம் ஓட்டியதும் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்க்கணும். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பேரிங் போகிறது, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு சர்வீஸ் நிறுத்தத்தில் நண்பர் ஒரு பேப்பரில் கூட்டிப் பார்த்தார். கார் 550, டிரெய்லர் 180, சக்கரங்களும் கருவிகளும் ஒரு 80. மொத்தம் 810. பின்பாரம் மட்டுமில்லை, 750 கிலோ கோட்டையும் தாண்டியிருந்தோம். இத்தனை வருஷமாக லேசான டிரெய்லர் தானே என்று அவர் கூட்டிப் பார்த்ததே இல்லையாம். சக்கரங்களையும் பெட்டியையும் இறக்கி வீட்டுக் காரின் டிக்கியில் வைத்தோம். கேட்டர்ஹாமை ஒரு சாண் முன்னால் நகர்த்திக் கட்டினோம்.

மீதி வழியில் எத்தனையோ லாரிகள் கடந்தன. டிரெய்லர் ஆடவே இல்லை.