சாப்பாட்டு மேசையில் பிறந்த துதிப்பாடல்



உபத்திரவ காலத்தில் தேவனிடத்தில் ஆறுதல் தேடுவதைப் பற்றிப் பிரசங்கிப்பது எளிது. ஒரே நாளில் நாற்பது பேரை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பிய ஒரு போதகருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது எளிதன்று. இந்த வாரம் அத்தகைய ஒருவரின் வரலாற்றைத் தியானிப்போம். அவர் பெயர் மார்ட்டின் ரிங்கார்ட்.

ஜெர்மனி தேசத்தின் சாக்சனி நாட்டில், லைப்சிக் நகருக்கு அருகே, முல்டே நதிக்கரையில் ஐலன்பர்க் என்ற சிற்றூர் உண்டு. தரங்கம்பாடிக்கு நற்செய்தி கொண்டுவந்த சீகன்பால்க் பிறந்ததும் அதே சாக்சனிதான். ஆனால் அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1586-இல், ஐலன்பர்க்கில் மரப்பீப்பாய் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாக ரிங்கார்ட் பிறந்தார். லைப்சிக் நகரின் புனித தோமா பள்ளியில் படித்தார், இசையில் தேர்ந்தார், வேறு ஊர்களில் ஊழியம் செய்த பின்னர் 1617-இல் சொந்த ஊர்ச் சபைக்கே போதகராக வந்து சேர்ந்தார். மறு ஆண்டு முப்பதாண்டுப் போர் மூண்டது. அவருடைய ஊழிய காலம் ஏறக்குறைய முழுவதும் அந்தப் போருக்குள்ளேயே கழிந்தது.

ஐலன்பர்க் மதில் சூழ்ந்த ஊர். அதுவே அதற்கு அரணாகவும் ஆபத்தாகவும் அமைந்தது. படைகள் கொளுத்திய கிராமங்களிலிருந்து தப்பியவர்கள் அம்மதிலுக்குள் வந்து குவிந்தார்கள். இடம் போதவில்லை, உணவு போதவில்லை. நெருக்கடி மிகுந்த இடத்தில் கொள்ளைநோய் புகுந்தது. 1637-ஆம் ஆண்டில் மட்டும் அவ்வூரில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டதாகச் சொல்லப்படுகிறது. நகர மன்ற உறுப்பினர்களில் மூவர் தவிர மற்றெல்லாரும் இறந்துபோனார்கள்.

போதகர்களின் நிலையும் அதுவே. மேற்பார்வைப் போதகர் காற்று மாற்றத்திற்காக ஊரைவிட்டுப் போனவர், அழைத்தும் திரும்பி வரவில்லை. அவரை நாம் அவசரப்பட்டு நியாயந்தீர்க்க வேண்டாம். அச்சம் யாருக்கும் வரும். அவ்வூரில் ஊழியம் செய்த இரு போதகர்களும், அடைக்கலம் தேடி வந்திருந்த வேறு இருவரும் நோய்க்கு இரையானார்கள். அந்நால்வரையும் அடக்கம் செய்தவர் ரிங்கார்ட். அதன்பின் அவர் ஒருவரே எஞ்சினார். நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது அடக்கங்கள். அவர் முன்னின்று அடக்கம் செய்தவர்களின் தொகை ஏறக்குறைய 4,480 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பின்னர் அதற்கும் இயலாமற்போய், அகதிகளைப் பெருங்குழிகளில், அடக்க ஆராதனை எதுவுமின்றியே புதைக்க வேண்டியதாயிற்று.

அந்த ஆண்டு மே மாதத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்களுள் ஒருவர் அவருடைய மனைவி.

இந்த இடத்தில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். மனைவியை மண்ணுக்குள் வைத்த மனிதர் மறுநாளும் ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அயலாரின் பிரேதத்தருகே நிற்க வேண்டியிருந்தது. நாம் அடைந்த ஆறுதலினாலே பிறரை ஆறுதற்படுத்தத் தகுதி பெறுகிறோம் என்று பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதினார். அவ்வசனத்தை நாம் பெரும்பாலும் துக்கம் ஆறிய பின்னர் நிகழும் ஒன்றாகவே வாசிக்கிறோம். ரிங்கார்டுக்குத் துக்கம் ஆற நேரமே கிடைக்கவில்லை. ஆறுதல் பெறுவதும் கொடுப்பதும் அவருக்கு ஒரே வேளையில், ஒரே கல்லறைத் தோட்டத்தில் நடந்தன.

நோயைத் தொடர்ந்து பஞ்சம் வந்தது. தெருவில் செத்துக் கிடந்த பூனைக்காகவும் காகத்துக்காகவும் மனிதர் சண்டையிட்டார்கள் என்று அக்காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ரிங்கார்ட் தம் குடும்பத்துக்கு இன்றியமையாத அளவை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தம் வாசலில் வந்து நின்றவர்களுக்குப் பகிர்ந்தார். எதிர்காலச் சம்பளத்தையே அடகுவைத்துக் கடன் வாங்க நேர்ந்தது. தம் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் தேடுவதே அவருக்குப் பாடாயிற்று.

இவரே உலகமெங்கும் பாடப்படும் புகழ்பெற்ற ஜெர்மானிய நன்றிப்பாடலின் ஆசிரியர். போர் முடிந்து 1648-இல் வெஸ்ட்பேலியா சமாதான உடன்படிக்கை கையெழுத்தானபோது, அந்த மகிழ்ச்சியில் அவர் இப்பாடலை இயற்றினார் என்று ஒரு கதை பலகாலமாய் வழங்குகிறது. பிரசங்கத்துக்கு அது மிகவும் வசதியான கதை: முதலில் துன்பம், பின்பு விடுதலை, அதன்பின் துதி. ஆனால் அது உண்மையன்று. யோகான் குரூகர் என்ற பெர்லின் இசைஞர் இதை ராகத்துடன் 1647-இலேயே அச்சிட்டுவிட்டார். 1636-இல் ரிங்கார்ட் வெளியிட்ட சிறு ஜெபநூலிலேயே இது இடம்பெற்றிருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் கருத்து. அந்நூலின் பிற்காலப் பதிப்பில் இதற்கு இடப்பட்ட தலைப்பு, சிறிய சாப்பாட்டு ஜெபம் என்பதே. ஆம், சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் சொல்வதற்கென எழுதப்பட்ட ஜெபம் அது!

அப்படியானால் சமாதானம் வருவதற்கு முன்னரே, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அது பாடப்பட்டது. கொள்ளைநோய்க்கு முன்னரே எழுதப்பட்டிருந்தால், 1637-க்குப் பின் அந்த வீட்டில் தாயின் இருக்கை வெறுமையாய் இருக்க, தட்டில் பாதி ரொட்டி மட்டும் இருக்க, அதே ஜெபத்தை மறுபடியும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அந்த வேளையில் தகப்பனின் குரல் தழுதழுத்திருக்காதா?

பாடலின் முதல் இரு சரணங்கள் சீராக்கின் ஞானம் என்ற நூலின் ஐம்பதாம் அதிகாரத்திலிருந்து எழுந்தவை. அந்நூல் நம் வேதாகமத்தில் சேர்க்கப்படவில்லை. எனினும் லூத்தர் அதை மொழிபெயர்த்து, வாசிக்கத்தக்கதென்று தம் வேதாகமத்தில் இரு ஏற்பாடுகளுக்கும் இடையே வைத்தார். அப்பகுதி தேவனைத் துதிக்க அழைத்தவுடனே, மனமகிழ்ச்சியையும் நம் நாட்களில் சமாதானத்தையும் தரும்படி மன்றாடத் தொடங்குகிறது. ரிங்கார்டின் இரண்டாம் சரணமும் முழுவதும் மன்றாட்டே. நன்றிப்பாடல் என்று நாம் பெயரிட்டு, திருமணங்களிலும் பிரதிஷ்டைப் பண்டிகைகளிலும் உரத்த குரலில் பாடும்போது இதைக் கவனிப்பதில்லை. சமாதானத்தைப் பெற்றுவிட்டவன் இப்படிக் கேட்கமாட்டான். இல்லாதவன் கேட்கிறான், கேட்கும்போதே கொடுக்கிறவரைத் துதிக்கிறான்.

1639-இல் சுவீடன் நாட்டுப் படை ஐலன்பர்க்கின்மேல் 30,000 தாலர் தண்டம் விதித்தது. பட்டினியால் பாதி அழிந்த ஊரில் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? ரிங்கார்ட் படைத்தலைவனிடம் நேரில் சென்று கெஞ்சினார். பலிக்கவில்லை. அப்போது அவர் தம்முடன் வந்தவர்களை நோக்கி, மனிதரிடத்தில் நமக்கு இரக்கம் கிடைக்கவில்லை, தேவனிடத்தில் போவோம் என்ற கருத்தில் பேசி அழைத்துச் சென்றார் என்று சொல்லப்படுகிறது. ஆலயமணி ஒலித்தது. மக்கள் கூடினார்கள். இக்கட்டு வேளைக்கென முந்தின தலைமுறையில் பால் ஏபர் இயற்றிய பாடலைப் பாடினார்கள். பரமண்டல ஜெபத்தைச் சொன்னார்கள். யோசபாத் ராஜா தன் ஜனத்தோடு செய்யவேண்டியது இன்னதென்று அறியாமல் கர்த்தரையே நோக்கி நின்ற அந்த நாள் எனக்கு நினைவுக்கு வருகிறது. ரிங்கார்டின் கையில் படையும் இல்லை, பணமும் இல்லை. மணியும் பாட்டும் மட்டுமே இருந்தன.

தண்டம் இறுதியில் 2,000 கில்டராகக் குறைக்கப்பட்டது. முற்றிலும் தள்ளுபடியாகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த 2,000-ஐயும் அந்த ஏழை மக்கள்தாம் எப்படியோ திரட்டிக் கொடுத்தார்கள்.

1648 அக்டோபரில் சமாதானம் கையெழுத்தானது. சபை ஒரு தலைமுறைக் காலமாய் எதைக் கேட்டு ஜெபித்ததோ அது வந்தது. அதை ஓராண்டும் சில வாரங்களும் கண்டபின், உடல் தளர்ந்துபோன ரிங்கார்ட் 1649 டிசம்பர் 8-ஆம் நாள் அதே ஐலன்பர்க்கில் கண்மூடினார்.