அனைத்துத் தரை ஊர்திப் பராமரிப்பு

அனைத்துத் தரை ஊர்தி என்பது சேறு, மணல், பனி, கரடுமுரடான நிலம் ஆகியவற்றில் செல்வதற்கென வடிவமைக்கப்பட்ட சிறிய மோட்டார் ஊர்தி ஆகும். யப்பானின் ஹோண்டா நிறுவனம் 1970 இல் மூன்று சக்கர ஊர்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நான்கு சக்கர ஊர்திகள் 1980களில் பரவலாயின. இவற்றின் பராமரிப்பு வேலைகள் பலவற்றை உரிமையாளரே செய்துகொள்ளலாம்.

காற்று வடிகட்டி

புழுதி எந்திரத்தினுள் நுழைந்தால் உருளையும் உந்துதண்டு (பிஸ்டன்) வளையங்களும் விரைவில் தேய்ந்துவிடும். இதைத் தடுக்கும் வடிகட்டி பெரும்பாலும் நுரைப்பஞ்சினால் ஆனது. இதனை எளிதில் தீப்பற்றாத கரைப்பானிலும் பின்னர் சவர்க்கார நீரிலும் கழுவி, முறுக்காமல் பிழிந்து, நன்கு உலர்த்தி, வடிகட்டிக்குரிய எண்ணெயைத் தடவிப் பொருத்த வேண்டும். பெட்ரோலால் கழுவுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

டயர் அழுத்தம்

மகிழுந்தின் டயர்களில் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 30 பவுண்டு அழுத்தம் இருக்கும். இவ்வூர்திகள் பலவற்றில் அது 3 முதல் 7 பவுண்டு மட்டுமே. எனவே குறைந்த அழுத்தத்தை அளக்கும் தனி அளவி தேவை. இடது, வலது டயர்களின் அழுத்தம் வேறுபட்டால் ஊர்தி ஒரு பக்கம் இழுக்கும். அழுத்தம் மிகுந்தால் மேடுபள்ளங்களில் துள்ளிக் கட்டுப்பாட்டை இழக்கக்கூடும்.

எந்திர எண்ணெய்

நீர்நிலைகளைக் கடந்தபின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது எனலாம். அந்நிலையில் எந்திரத்தை இயக்கினால் உராய்வுத் தாங்கிகள் பழுதடையும். நீர் புகுந்த வழியை அடைத்து, எண்ணெயையும் எண்ணெய் வடிகட்டியையும் மாற்றிய பின்னரே இயக்க வேண்டும்.